பெட்டிக்குள் பிறந்த விஷம்

பூசணத்தைக் கொல்ல மருந்து வாங்கினார்கள். பூசணம் ஒழிந்தது. செடியும் ஒழிந்தது!

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தில் நடந்த கதை இது. வெயிலும் மழையும் மாறி மாறிக் கொட்டும் பூமி. கரும்பும் ஆரஞ்சும் ஒரு பக்கம் இருக்க, அங்கே இன்னொரு பெரிய தொழில் உண்டு. வீட்டு வரவேற்பறையிலும் ஆபீஸ் மூலையிலும் வைக்கிற தொட்டிச் செடிகளை வளர்த்து ஊர் ஊராக அனுப்புவது. அப்பாப்கா என்ற ஊருக்குத் "தொட்டிச் செடிகளின் தலைநகரம்" என்றே பட்டப்பெயர். பியர்சன் என்ற சிற்றூர் பெரணிக்குப் பேர் போனது.

கல்யாண வரவேற்பில் மணமக்களுக்குக் கொடுக்கும் பூச்செண்டைப் பார்த்திருப்பீர்கள். ரோஜாவுக்குப் பின்னால் விசிறி விரித்தது போல ஒரு பச்சை இலை நிற்கும். அது போன்ற பெரணியைத்தான் பியர்சனில் நிழல் வலைக்கு அடியில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். அங்கே விளைச்சல் என்பதே இலைதான். இலையில் ஒரு புள்ளி விழுந்தால் வியாபாரி தொடமாட்டான். ஆகவே பூசணம் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு நடுக்கம்.

அவர்கள் நம்பியிருந்த மருந்தின் பெயர் பென்லேட்.

உள்ளே போகும் மருந்து

அதற்கு முன்பெல்லாம் பூசணத்துக்கு மருந்து என்றால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைதான். குடகு, சிக்மகளூர் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்களுக்கு அந்த நீல நிறக் கலவை நன்றாகத் தெரியும். தோட்டத்துக்குப் போனால் சட்டை முழுவதும் நீலம். அது இலையின் மேல் படிந்து நிற்கும். மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும்.

பென்லேட் அப்படி அல்ல. செடிக்குள்ளேயே போய் வேலை செய்யும். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1968-ல் இதை அறிமுகப்படுத்தியது. அதில் இருக்கும் ரசாயனத்துக்குப் பெனோமில் என்று பெயர். வெகு சீக்கிரத்தில் 50 நாடுகளில், 70-க்கு மேற்பட்ட பயிர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. 20 வருடங்கள் பெரிய புகார் ஒன்றும் இல்லை.

1987-ல் கம்பெனி அதே மருந்தைப் புது உருவத்தில் கொண்டுவந்தது. அதுவரை தூளாக இருந்ததைச் சிறு சிறு மணிகளாக உருட்டித் தந்தார்கள். தூள் என்றால் பெட்டியைப் பிரிக்கும்போதே மூக்கில் ஏறும். மணி பறக்காது, அளந்து போடச் சுலபம், தண்ணீரில் போட்டால் கரைந்து பரவும். தோட்டக்காரர்கள் சந்தோஷமாக வாங்கினார்கள்.

பிறகுதான் புகார் வரத் தொடங்கியது.

தொட்டிச் செடிகள் வளராமல் குன்றி நின்றன. இலை வெளுத்தது. புதுத் துளிர் முறுக்கிக்கொண்டு வந்தது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகல். பெரணித் தோட்டங்களில் இலை கோணலாக வந்தது. வெள்ளரி, தக்காளி போட்டவர்களும் அழுதார்கள். நோய் வந்துவிட்டதோ என்று பயந்து சிலர் இன்னும் கொஞ்சம் பென்லேட் தெளித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? மருந்துதானே அது!

முதல் குற்றவாளி

1989-ல் ஒரு காரணம் அகப்பட்டது. சில பெட்டிகளில் அட்ரசின் என்ற களைக்கொல்லி கலந்திருந்தது. கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் மணி உருட்டிக் கொடுத்த ஆலையில் களைக்கொல்லியும் தயாரானது. அடுப்பு மாறாமல் பாத்திரம் மாறினால் குழம்பில் ரசம் கலப்பது போல, ஒன்றின் மிச்சம் மற்றதில் கலந்துவிட்டது. பூசணத்தைக் கொல்லும் மருந்தில், செடியையே கொல்லும் மருந்து! அந்தப் பெட்டிகளைத் திருப்பி வாங்கினார்கள்.

1991-ல் மறுபடியும் அதே கலப்படம் தென்பட்டது. இந்தத் தடவை கம்பெனி பாதி வேலை செய்யவில்லை. மார்ச் மாதம், மணி வடிவில் இருந்த பென்லேட் முழுவதையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. நஷ்டப்பட்ட தோட்டக்காரர்களுக்குப் பணமும் கொடுத்தது. சில்லறைப் பணம் அல்ல. ஏறத்தாழ 50 கோடி டாலர்!

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அட்ரசின் இல்லாத பெட்டியை வாங்கியவர்களும் செடி கெட்டது என்றார்கள். நிறுத்திய பிறகும் மண் தேறவில்லை என்றார்கள். ஒரே மாதிரி அச்சடித்த பெட்டிகள், ஒரே மாதிரி அளவு. ஒருவர் தோட்டம் பச்சையாக நிற்கிறது, பக்கத்துத் தோட்டம் பொசுங்கிக் கிடக்கிறது. வெளியிலிருந்து யாரும் எதையும் கலக்கவில்லை என்றால், பெட்டிக்குள் என்ன நடந்தது?

உப்பு ஜாடி கசிவது போல

புளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 1990-களின் முற்பகுதியில் நடந்த ஆராய்ச்சி அது. பெட்டியின் மேல் எழுதியிருந்த பெனோமில் இருந்தது. எழுதாத ஒன்றும் இருந்தது. அதன் பெயர் டைபியூட்டைல் யூரியா.

அதை ஆலையில் யாரும் சேர்க்கவில்லை. அது பெட்டிக்குள்ளேயே உண்டானது!

பெனோமில் என்பது இரண்டு துண்டுகள் ஒட்டிய ஒரு பொருள். ஈரம் பட்டால் ஒட்டு விட்டுவிடும். ஒரு துண்டு கார்பென்டசிம். உண்மையில் பூசணத்தைக் கொல்வது இதுதான். பெனோமிலைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் செடியில் போய் வேலை செய்வது பெரும்பாலும் கார்பென்டசிமே. ஆகவே அந்த உடைவு பயிருக்கு வேண்டிய உடைவு. குறை சொல்ல முடியாது.

சங்கடம் இரண்டாவது துண்டில். அது பியூட்டைல் ஐசோசயனேட் என்ற காரமான ஆவி. கண்ணில் பட்டால் தாரை தாரையாய் நீர் வரும். திறந்த வெளியில் தெளிக்கும்போது அது காற்றோடு போய்விடும். பெட்டிக்குள் எங்கே போகும்? அங்கே இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து அதில் ஒரு பங்கு பியூட்டைல் அமீன் ஆகிறது. அந்த அமீன், மிச்சமிருக்கும் ஐசோசயனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் டைபியூட்டைல் யூரியா. இதற்கு ஆவியாகிப் போகும் சுபாவம் இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு உண்டா? மூடி போட்டுத்தான் வைத்திருப்போம். ஆனாலும் எப்படியோ ஈரம் புகுந்துவிடும். பென்லேட் பெட்டியும் அப்படித்தான். ஆலையில் மணி உருட்டும்போது தங்கிய ஈரம் கொஞ்சம். கிடங்கில் புகுந்த ஈரம் கொஞ்சம். தகரக் கூரைக்கு அடியில் வெக்கை. நாள் ஆக ஆக உள்ளே இருக்கும் கசடு வளர்ந்தது. பெட்டிக்குப் பெட்டி அளவு மாறியது. ஒருவர் தோட்டம் பிழைத்து இன்னொருவர் தோட்டம் பொசுங்கியதற்கு இதில் ஒரு விளக்கம் இருந்தது.

வெள்ளரிச் செடியில் சோதித்தார்கள். டைபியூட்டைல் யூரியா பட்ட செடி குன்றியது. வெயிலைக்கொண்டு இலை உணவு சமைக்கும் வேலையும் தளர்ந்தது.

கம்பெனி இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியில் இருக்கும் சிறிதளவு கசடு தோட்டத்தையே அழிக்காது என்று வாதாடியது. அதற்கும் ஆராய்ச்சியாளர்கள் கிடைத்தார்கள். எது எவ்வளவு கெடுத்தது என்ற சண்டை கோர்ட்டு வரை போனது.

போபாலின் உறவுக்காரன்

ஐசோசயனேட் என்ற பெயரை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? கேட்டிருப்பீர்கள். 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில் போபால் நகரத்தைத் தூக்கத்திலேயே கொன்றது மெத்தில் ஐசோசயனேட். பியூட்டைல் ஐசோசயனேட் அதே குடும்பம், வேறு கிளை. அந்த அளவு வேகமாக ஆவியாகாது, அந்த அளவு கொடியதும் அல்ல. ஆனால் குணம் ஒன்று: இரண்டுக்கும் தண்ணீர் ஆகாது.

போபாலில் 40 டன் அளவுக்கு அந்தத் திரவம் இருந்த 610-ம் எண் தொட்டியில் தண்ணீர் புகுந்தது. உள்ளே கொதித்துக் கிளம்பி ஊரை அழித்தது. அங்கே அதைச் சேமித்து வைத்தது செவின் என்ற பூச்சி மருந்து தயாரிப்பதற்காக. ஒரு இடத்தில் பெரிய தொட்டிக்குள் ஒரே இரவில் நடந்தது. மற்ற இடத்தில் சின்னப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் நடந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். போபாலில் செத்தது மனிதர்கள்.

ஆனால் பெட்டிக்குள் மருந்து மாறி மனிதர்களே செத்த கதையும் உண்டு. அது பென்லேட்டுக்கு முன்பே, நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

கொசு மருந்து அடித்தவர்கள்

1976-ம் வருடம். பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்பு வேலை மும்முரமாக நடந்தது. வீடு வீடாகப் போய்ச் சுவரில் மாலத்தியான் தெளிக்க 7,500 கூலியாட்கள் நியமிக்கப்பட்டார்கள். கொசுவுக்கு எமன், மனிதனுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்று பெயர் வாங்கிய மருந்து அது. இது பூசண மருந்து அல்ல, பூச்சி மருந்து. ஆனால் நடந்த சங்கதி ஒன்றுதான்.

ஜூலை மாதத்தில் மட்டும் சுமார் 2,800 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். தலைவலி, குமட்டல், கண் மங்கல், கை கால் தளர்ச்சி. குறைந்தது 5 பேர் இறந்தார்கள்.

விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. மூன்று கம்பெனிகளின் தூள் வாங்கியிருந்தார்கள். மூன்றின் மேலும் எழுதியிருந்தது ஒன்றே: மாலத்தியான் 50 சதவிகிதம். ஆனால் இரண்டு கம்பெனிகளின் தூளில் ஐசோமாலத்தியான் என்ற கசடு அதிகமாக இருந்தது. வெக்கையில் கிடங்கில் கிடந்தபோது, மருந்தோடு கலந்திருந்த களிமண் தூளே மருந்தை மாற்றிவிட்டது. இந்தக் கசடு செய்யும் அநியாயம் விசித்திரமானது. மாலத்தியானை முறிப்பதற்கு நம் உடம்பில் இயற்கையாகவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஐசோமாலத்தியான் முதலில் அந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது. காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை உள்ளே விடுவது போல!

கூலியாட்களுக்கு இது எப்படித் தெரியும்? வெறுங்கையால் தூளைக் கலக்கினார்கள். ஒழுகும் தெளிப்பானை முதுகில் சுமந்தார்கள். நனைந்த சட்டையோடு நாள் முழுவதும் நின்றார்கள். போன வருடமும் அப்படித்தான் செய்தார்கள். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே!

கெட்ட தூளை நிறுத்தி, கை கழுவவும் துணி மாற்றவும் ஏற்பாடு செய்த பிறகு நோய் அடங்கியது. கொசு மருந்து வாங்கும்போது அதில் எவ்வளவு மருந்து என்று பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு கசடு என்றும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதியில் ஏறியது.

நின்றுபோன பணம்

மறுபடியும் அமெரிக்காவுக்கு வருவோம். பென்லேட் தோட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி 1992 நவம்பரில் திடீரென்று நிறுத்திவிட்டது. "நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம். செடி கெட்டதற்கு எங்கள் மருந்து காரணம் அல்ல" என்பதுதான் அதன் பேச்சு. முந்தி வந்தவர்களுக்குப் பணம். பிந்தி வந்தவர்களுக்கு வக்கீல் வாசல். கடனை வாங்கிக் கண்ணாடிக் கூடம் கட்டியவன், கெட்ட செடியைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தான்.

1993-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் நகரக் கோர்ட்டில் நான்கு தோட்டக்காரர்களின் வழக்கு நடந்தது. கேட்டது 40 கோடி டாலருக்கு மேல். ஜூரிகள் உள்ளே ஆலோசனை செய்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. கைக்கு வந்தது 42½ லட்சம் டாலர்.

சமரசம் ஆன பிறகு வந்தது பூதம்.

கம்பெனி அந்தத் தோட்டக்காரர்களின் மண்ணை எடுத்துக் கலிபோர்னியாவில் உள்ள ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது. அதன் விவரத்தாள்களைத் தோட்டக்காரர்களின் வக்கீல்கள் கேட்டபோது முழுமையாகத் தரவில்லை. இன்னொரு வழக்கில் அந்தத் தாள்கள் வெளியே வந்தன. மண்ணில் சல்போனைல் யூரியா வகைக் களைக்கொல்லி இருந்ததை அவை காட்டுவதாகத் தோட்டக்காரர்கள் சொன்னார்கள். அட்ரசின் ஒன்று, பெட்டிக்குள் பிறந்த கசடு ஒன்று, இது மூன்றாவது! கம்பெனி இதையும் மறுத்தது.

ஆபீசில் பைல் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு கேசில் ஜெயிப்பதும் தோற்பதும் பல நேரங்களில் ஒரு தாள் எந்த பைலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே எதிராளியின் மண்; பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது கம்பெனி; முடிவு எழுதிய தாள் கம்பெனியின் பைலில்.

1995-ல் நீதிபதி கடுமையாகத் தீர்ப்புச் சொன்னார். சாட்சியத்தை மறைத்து கோர்ட்டை ஏமாற்றியதற்காக 11½ கோடி டாலர் கட்ட வேண்டும். அதில் 10 கோடியைத் தள்ளுபடி செய்யவும் ஒரு வழி சொன்னார்: செய்த தவறை ஒப்புக்கொண்டு பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்க வேண்டும்! கம்பெனி விளம்பரம் கொடுக்கவில்லை, அப்பீல் செய்தது. 1996-ல் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இது குற்றவியல் தண்டனை மாதிரி இருக்கிறது, அதற்குரிய முறைப்படி விசாரிக்காமல் விதிக்க முடியாது என்றது.

கடைசியில், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 1 கோடியே 12½ லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது. அந்தப் பணம் யாருக்குப் போனது தெரியுமா? ஜார்ஜியாவில் உள்ள நான்கு சட்டக் கல்லூரிகளுக்குத் தலா 25 லட்சம். வக்கீல் தொழிலில் நாணயம் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் பதவிக்காக! மீதியில் பெரும்பகுதி அதே விஷயம் பற்றிய கருத்தரங்குகளுக்கு. தோட்டக்காரர்களுக்கு அதில் பங்கு இல்லை.

வேறு மாநிலங்களிலும் வழக்குகள் நடந்தன. சிலவற்றில் கம்பெனி ஜெயித்தது. ஹவாய்த் தீவில் 1995-ல் ஜூரிகள் தோட்டக்காரர்கள் பக்கம் நின்று 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். 2001 ஏப்ரலில் டூபாண்ட் கம்பெனி பென்லேட் விற்பனையையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. மருந்து நல்ல மருந்துதான், வழக்குச் செலவுதான் தாங்கவில்லை என்றது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் பெனோமில் விற்பனையில் இருந்தது. சந்தேகத்துக்குரிய 66 மருந்துகளை ஆராய மத்திய அரசு ஒரு குழு போட்டது. அதன் பேரில் 2018 ஆகஸ்டில் 12 மருந்துகளுக்கு அரசு தடை விதித்தது. பட்டியலில் பெனோமில் இருந்தது. போபால் ஆலை எதைத் தயாரித்ததோ அந்தச் செவினின் ரசாயனமான கார்பரிலும் அதே பட்டியலில் இருந்தது. 34 வருடம் கழித்து!

பெனோமில் உடைந்தால் வருமே, அந்தக் கார்பென்டசிம் தனியாகவே விற்பனைக்கு வந்த மருந்து. பாவிஸ்டின் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நெல் விதை நேர்த்திக்கும், கடலைக்கும், திராட்சைக்கும் வாங்கினார்கள். ஓசூரிலும் பெங்களூரைச் சுற்றிலும் பாலித்தீன் கூடாரங்களில் ரோஜா வளர்க்கும் இடங்களிலும் இந்த வகை மருந்துகள் புழங்குகின்றன. கூடாரத்துக்குள் மருந்து அடிக்கும் நம் பெண்களுக்கும் பையன்களுக்கும் அதன் வாசனை பழக்கம். 2020-ல் 27 மருந்துகளைத் தடை செய்ய அரசு வெளியிட்ட வரைவில் கார்பென்டசிம் இருந்தது. 2023-ல் முடிவான தடை உத்தரவில் சில பெயர்கள்தான் வந்தன. அதில் அது இல்லை. அதில் பெனோமிலின் அந்தக் காரமான துண்டு கிடையாது. ஆகவே பென்லேட் பெட்டியில் நடந்தது அப்படியே இதில் நடக்காது. இதன் மேல் உள்ள சந்தேகங்கள் வேறு.

மருந்துப் பொட்டலத்தின் மேல் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வண்ணம் சொல்வது எது? உள்ளே போட்ட மருந்து, போட்ட நிலையில், எவ்வளவு கொடியது என்பதை. கிடங்கில் கிடந்து அது என்னவாக மாறியது என்பதை வண்ணம் சொல்லாது. பாகிஸ்தானில் கூலியாட்கள் தெளித்த மூன்று தூளுக்கும் எழுத்து ஒன்றாகவே இருந்தது அல்லவா?

அதைப் பற்றிப் பொட்டலத்தில் இருக்கும் ஒரே தகவல், தயாரித்த தேதியும் காலாவதி தேதியும்தான். பொடி எழுத்தில், மடிப்புக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பில்லிலும் எழுதித் தரச் சொல்லலாம்.

காலாவதி தேதிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பொட்டலம் பிரிக்காமல் இருக்க வேண்டும். ஈரமும் வெக்கையும் படாத இடத்தில் இருக்க வேண்டும். ஊரில் நடப்பது வேறு. பாதி உபயோகித்த பொட்டலத்தின் வாயை மடித்து, ரப்பர் வளையம் போட்டு, மாட்டுக் கொட்டகை இறவாணத்தில் செருகி வைக்கிறோம். அடுத்த பட்டத்துக்கு எடுக்கும்போது தூள் கட்டி தட்டியிருக்கும். அதைக் குச்சியால் தட்டி உதிர்த்துத் தண்ணீரில் போடுவார்கள். கட்டி தட்டியது என்றால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தேதி அடுத்த வருடம் வரை இருந்தாலும், அந்தப் பொட்டலத்துக்கு அது பொருந்தாது.